எந்த எம்.எம்.ஓ உங்களுக்கு ஒத்துவரும்? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகத்தில் ஒரே நேரத்தில் உலவியபடி, ஆளுக்கொரு கேரக்டரை வளர்த்து ஆடும் இணைய விளையாட்டுகளை எம்.எம்.ஓ என்று அழைக்கிறோம். இவற்றில் ஒன்றைத் தொடங்க நினைப்பவர் எது சிறந்தது என்று விசாரித்தால், பத்துப் பேர் பத்து விடை சொல்வார்கள். ஒவ்வொருவரும் தாம் ஆண்டுக்கணக்கில் ஆடிவரும் விளையாட்டையே சொல்வார். காட்சியழகு, சண்டையின் வேகம், கதையின் ஆழம் என்று அவர்கள் அடுக்கும் காரணங்கள் பொய்யல்ல. ஆயினும் நான் பார்த்தவரையில், தொடங்கிய இரண்டாம் மாதத்திலேயே விட்டுவிடுகிறவர்கள், அந்த விளையாட்டு கேட்ட நேரம் தங்கள் வாரத்தில் இல்லாத காரணத்தால்தான் விடுகிறார்கள். நானே ஒருமுறை சலுகை விலைக்கு ஆசைப்பட்டு ஆறு மாதச் சந்தாவை மொத்தமாகக் கட்டிவிட்டுப் பதினொரு நாள் மட்டும் ஆடியிருக்கிறேன். ஆகவே இங்கே ஆறு விளையாட்டுகளை, அவை கேட்கும் நேரத்தின் அளவையும் தன்மையையும் முதன்மையாக வைத்து ஒப்பிடுகிறேன்.

முதல் படி: உங்கள் வாரத்தை எழுதிப் பாருங்கள்

எதையும் பதிவிறக்கும் முன் ஒரு தாளை எடுத்து, வாரத்தில் விளையாட்டுக்கு உண்மையாகவே எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று எழுதுங்கள். அந்த நேரம் இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ச்சியாகக் கிடைக்குமா, அல்லது குழந்தை அழுதால் எழுந்து போக வேண்டிய அரைமணித் துண்டுகளாகக் கிடைக்குமா என்பதைப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, ஒவ்வொரு வாரமும் அதே கிழமையில் அதே மணிக்கு உட்கார முடியுமா என்ற கேள்விக்கு விடை எழுதுங்கள். வெளியிலிருந்து பார்க்கும்போது இம்மூன்றும் ஒரே கேள்வி போலத் தோன்றினாலும், வாரத்துக்கு 15 மணி நேரம் துண்டுதுண்டாக ஆடுபவருக்கும், செவ்வாய், வியாழன் இரவுகளில் தவறாமல் மூன்று மணி நேரம் ஒதுக்கக்கூடியவருக்கும் ஏற்ற விளையாட்டுகள் வேறு வேறு.

யாருடன் ஆடப் போகிறீர்கள் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். நண்பர்கள் ஏற்கெனவே ஏதேனும் ஒன்றில் இருந்தால், கீழே நான் சொல்லும் பாதியை ஒதுக்கிவிட்டு அவர்களுடன் சேர்ந்துகொள்ளலாம்; ஏனெனில் தெரிந்த நான்கு பேருடன் ஆடும் சுமாரான விளையாட்டு, தனியாக ஆடும் அருமையான விளையாட்டைவிட நீண்ட நாள் நிலைக்கும்.

இரண்டாம் படி: சர்வர் எவ்வளவு தொலைவில் இருக்கிறது?

நீங்கள் பொத்தானை அழுத்திய செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பிவர ஆகும் நேரத்தைப் பிங் என்கிறார்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்னையிலிருந்து ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நேர்கோட்டில் ஏறத்தாழ 7,500 கிலோமீட்டர். போய்வர 15,000 கிலோமீட்டர் என்று வைத்தால், எந்த நிறுவனத்தின் இணைப்பாக இருந்தாலும் 75 மில்லிநொடிக்குக் கீழே இறங்க இயற்கையே விடாது. கடலடிக் கேபிள்கள் சுற்றிச் செல்வதால் நடைமுறையில் அதைப்போல் இரண்டு மடங்கை எதிர்பார்ப்பதே நல்லது. அமெரிக்க சர்வர் என்றால் இன்னும் கூடும்.

இந்தத் தாமதம் எல்லா விளையாட்டுகளையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பின் உலகம் 0.6 நொடிக்கு ஒருமுறைதான் துடிக்கிறது, அதாவது நம் கட்டளைகளைச் செயல்படுத்துகிறது. ஈவ் ஆன்லைனில் அந்தத் துடிப்பு ஒரு நொடி. 150 மில்லிநொடித் தாமதம் இவற்றில் பெரும்பாலும் உணரப்படாமலே போய்விடும். ஃபைனல் ஃபேன்டஸி 14இல் முக்கியத் தாக்குதல்களுக்கு இடையே பொதுவாக 2.5 நொடி இடைவெளி இருப்பதால் சமாளிக்கலாம். ஆனால் அந்த இடைவெளிக்குள் இரண்டு சிறு திறன்களைச் செருகும் உயர்நிலை ஆட்டத்தில் தாமதம் கையைக் கடிக்கும். எதிரியின் அடியைப் பார்த்துக் கடைசி நொடியில் உருண்டு தப்ப வேண்டிய கில்டு வார்ஸ் 2 போன்றவற்றில் அது இன்னும் தெளிவாகத் தெரியும்.

கணினியைப் பொறுத்தவரை நீண்ட விளக்கம் தேவையில்லை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், ஃபைனல் ஃபேன்டஸி 14, எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் ஆகியவை ஒவ்வொன்றும் 100 ஜிபியைத் தாண்டும் என்பதால், கணினியின் எஸ்.எஸ்.டி சேமிப்பகத்தில் இடமும் மாதாந்திர டேட்டா வரம்பும் போதுமானவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய லேப்டாப்போ கைப்பேசியோ மட்டும் இருந்தால், ரூன்ஸ்கேப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

மூன்றாம் படி: உங்கள் தாளோடு பொருத்திப் பாருங்கள்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004 நவம்பரில் வெளிவந்தது. 2010இல் சந்தாதாரர் எண்ணிக்கை 1 கோடியே 20 லட்சத்தைத் தொட்டது. இன்றைக்கும் குழுவாகக் கூடிக் கடினமான எதிரிகளை வீழ்த்தும் ரெய்டு கலையில் இதற்கு நிகராக நான் வேறெதையும் சொல்ல மாட்டேன். எதிரிகள் நிறைந்த குகை போன்ற டஞ்சனுக்குள் செல்லும் ஐந்து பேர் குழுவில் எதிரியின் அடியைத் தாங்கும் டேங்க் ஒருவர், காயம் ஆற்றும் ஹீலர் ஒருவர், அடிப்பவர்கள் மூவர். மிகக் கடினமான மித்திக் ரெய்டுக்குச் சரியாக 20 பேர் வேண்டும். அந்த 20 பேரில் ஒருவராக இருப்பதென்றால், கில்டு எனப்படும் நிலையான ஆட்டக்குழு குறிக்கும் கிழமைகளில் குறிக்கும் மணிக்கு வந்து நிற்க வேண்டும் என்று பொருள். ஐரோப்பிய சர்வரில் குளிர்காலத்து இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் ரெய்டு, நம் கடிகாரத்தில் நள்ளிரவு பன்னிரண்டரை. காலையில் அலுவலகம் போகிறவர் இதைக் கணக்கிடாமல் கில்டில் சேர்ந்தால், மூன்றாவது வாரமே மன்னிப்புக் கேட்டு வெளியேற நேரும்.

அதற்காக இது தனியாக ஆடுபவருக்கு மூடிய கதவு என்று எண்ண வேண்டாம். 2024 முதல் கணினியே இயக்கும் துணைவர்களுடன் சில டஞ்சன்களை ஆட முடிகிறது. தனியாகவும் சிறு குழுவாகவும் ஆடக்கூடிய டெல்வ் என்ற குகைகளும் அதே ஆண்டில் வந்தன. ஆனாலும் சிறந்த கவசங்களும் ஆயுதங்களும் வாரத்துக்கு இவ்வளவு என்றே கிடைப்பதால், ஒரு வாரம் தவறினால் பின்தங்கிவிட்டோம் என்ற உணர்வு இங்கே எளிதில் வந்துவிடும். புதிய நிலங்களையும் கதையையும் சேர்க்கும் விரிவாக்கம் ஒன்று வந்தால் பழைய கவசம் பழைய துணி ஆகிவிடும் என்பதையும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அதே சந்தாவில் கிளாசிக் என்ற பழைய வடிவமும் அடங்கும்; 2019இல் திறந்த இது, தொடக்கக் கால விளையாட்டை ஏறத்தாழ அப்படியே தருகிறது. ஊருக்கு ஊர் நடந்தே போவது, கூட்டாளியைக் கத்திக் கூப்பிடுவது, ஒரு லெவல் ஏற ஒரு மாலை முழுவதும் ஆவது ஆகியவற்றை இனிமை என்று நினைப்பவர்களுக்கு மட்டும் இதைப் பரிந்துரைக்கிறேன். இதிலேயே ஹார்ட்கோர் சர்வர்களும் உண்டு. அங்கே ஒருமுறை செத்தால் அந்தக் கேரக்டரின் கதை முடிந்தது. முதல் எம்.எம்.ஓவாக அதைத் தொடங்குவது நீச்சல் தெரியாமல் கிணற்றில் குதிப்பதைப் போன்றது.

ஃபைனல் ஃபேன்டஸி 14இன் வரலாறே ஒரு கதை. 2010 செப்டம்பரில் வந்த முதல் வடிவம் படுதோல்வி அடைந்தது. அவ்வாண்டு டிசம்பரில் பொறுப்பேற்ற நவோகி யோஷிதா, ஓடிக்கொண்டிருந்த விளையாட்டைப் பராமரித்தபடியே புதியதொன்றைக் கட்டினார். 2012 நவம்பரில் பழைய சர்வர்களை மூடும்போது, வானிலிருந்து நிலவு ஒன்று விழுந்து உலகம் அழிவதாகக் கதையையே முடித்தார்கள். 2013 ஆகஸ்டில் ‘எ ரெல்ம் ரீபார்ன்’ என்ற பெயரில் அந்த அழிவுக்குப் பிந்தைய உலகம் திறந்தது. தோற்ற விளையாட்டின் சாவையே வென்ற விளையாட்டின் முன்கதையாக்கிய துணிவை இன்றும் வியக்கிறேன்.

இதைத் தேர்ந்தெடுப்பவர் ஒன்றை உறுதியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்: இங்கே முதன்மைக் கதையே பாதை. புதிய ஊர்கள், டஞ்சன்கள், விரிவாக்கங்கள் எல்லாம் அந்தக் கதையை வரிசையாக முடித்தால்தான் திறக்கும். நிறைய வாசிக்க வேண்டியிருக்கும். குரல்பதிவு எல்லாக் காட்சிகளுக்கும் கிடையாது. முதல் பகுதியை 2020இல் சுருக்கினார்கள் என்றாலும், அது மெதுவாக நகர்வதாக ஆதரவாளர்களே ஒப்புக்கொள்வார்கள். நீண்ட தொடர்கதையை ஆண்டுக்கணக்கில் படித்து மகிழும் பழக்கம் உள்ளவருக்கு இது விருந்து. நண்பர்கள் ஆடும் கடைசிப் பகுதிக்கு அடுத்த வாரமே போய்ச் சேர வேண்டும் என்று துடிப்பவருக்கு இது தண்டனை.

இதன் நேரக்கணக்கு பெருந்தன்மையானது. ஒரே கேரக்டர் கையிலுள்ள ஆயுதத்தை மாற்றினாலே வேறு தொழிலுக்கு மாறிவிடலாம் என்பதால், டேங்க், ஹீலர், மீன்பிடிப்பவர், தச்சர் என எல்லாவற்றையும் ஒருவரே கற்கலாம். கதையில் வரும் டஞ்சன்களைக் கணினித் துணைவர்களுடன் முடிக்கலாம். சந்தாவை நிறுத்திவிட்டு வேறு விளையாட்டுகளை ஆடிவிட்டுப் புதிய பகுதி வரும்போது திரும்பி வாருங்கள் என்று யோஷிதாவே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஒரே விலக்கு வீடு: விளையாட்டில் நிலம் வாங்கி வீடு கட்டியவர் 45 நாள் உள்ளே நுழையாவிட்டால், பொதுவிதிப்படி அந்த வீடு இடிக்கப்படும். அடிக்கடி விட்டுப்போகும் பழக்கம் உள்ளவர் அடுக்குமாடி அறையோடு நின்றுகொள்வது நல்லது.

இலவச முயற்சி வடிவத்தில் லெவல் 70 வரை, முதல் இரண்டு விரிவாக்கங்கள் உட்பட, கால வரம்பின்றி ஆடலாம். பணச்சேமிப்பு, சந்தை, கில்டு போன்றவற்றில் கட்டுப்பாடுகள் உண்டு. ஆனாலும் பல மாதங்களுக்குப் போதும். முழு விளையாட்டை வாங்கிவிட்டால் அந்தக் கணக்கு இலவச வடிவத்துக்குத் திரும்பாது என்பதால், வாங்க அவசரப்படாதீர்கள்.

கில்டு வார்ஸ் 2, நேரம் துண்டுதுண்டாகக் கிடைப்பவருக்காகவே செய்ததோ என்று எண்ண வைக்கும். 2012 ஆகஸ்டில் வெளிவந்தபோது உச்ச லெவல் 80, இன்றும் 80தான். 2015இல் சேர்த்த கவசத்தை அணிந்துகொண்டு இன்று உள்ளே வந்தாலும் நீங்கள் பின்தங்கியவர் அல்லர். மாதச் சந்தா கிடையாது. அடிப்படை விளையாட்டு 2015 முதல் இலவசம். விரிவாக்கங்களை மட்டும் விலைக்கு வாங்க வேண்டும். லெவல் 80 வீரர் தொடக்கப் பகுதிக்குப் போனால் அவருடைய வலிமை அந்த இடத்துக்கேற்பக் குறைக்கப்படுவதால், நேற்றுச் சேர்ந்த நண்பரோடு இன்றே சேர்ந்து ஆடலாம்.

மற்ற ஆட்டக்காரர்களைப் போட்டியாளர்களாகப் பார்க்க வைக்கும் பழைய வழக்கங்கள் பலவற்றை இது ஒழித்துவிட்டது. நீங்கள் வெட்டும் மரம் மற்றவருக்கும் அப்படியே நிற்கும். ஒரே எதிரியை அடித்த அனைவருக்கும் அவரவர் பங்கு கிடைக்கும். விழுந்து கிடப்பவரை வழியில் போகும் எவரும் எழுப்பிவிடலாம். ஊரை எதிரிகள் தாக்கும் நிகழ்வு ஒன்று தொடங்கினால், முன்பின் தெரியாத முப்பது பேர் ஓடிவந்து அடித்து முடித்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் கலைந்து போவார்கள். அந்த மௌனமான கூட்டுறவு எனக்குப் பிடிக்கும். சிலருக்கு அதுவே குறை, ஏனெனில் யாருடைய பெயரும் மனத்தில் நிற்பதில்லை. அடுத்து என்ன செய்வது என்று விளையாட்டு கையைப் பிடித்துச் சொல்லாது என்பது இன்னொரு குறை. லெவல் 80ஐ எட்டியவுடன் வெறுமையை உணர்ந்து விலகியவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோர் 2017இல் ‘பாத் ஆஃப் ஃபயர்’ விரிவாக்கத்தோடு வந்த மவுண்டு என்ற சவாரி விலங்குகளை ஓட்டிப் பார்க்காதவர்கள் என்பது என் ஊகம். தாவும் முயல், நீரின்மேல் வழுக்கும் திருக்கை என ஒவ்வொன்றும் ஓடும் விதமே வேறு. சவாரிக்காகவே சுற்றிவரத் தோன்றும்.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2014இல் சந்தாவோடு தொடங்கி, 2015இல் கட்டாயச் சந்தாவைக் கைவிட்டு, 2016 அக்டோபரில் எந்தப் பகுதியையும் எந்த வரிசையிலும் ஆடலாம் என்று உலகையே திறந்துவிட்டார்கள். குவெஸ்ட் என்ற பணிகளைத் தரும் ஒவ்வொருவரும் குரல்கொடுத்துப் பேசுவதால், தனியாக ஊர்ஊராகச் சுற்றிக் கதை கேட்க விரும்புகிறவருக்கு இது ஏற்றது. கைவினைப் பொருட்களை வரம்பின்றிச் சேமிக்கும் பை சந்தாதாரர்களுக்கு மட்டும் என்பதால், பொருள் சேர்க்கும் பழக்கம் உள்ளவர் ஒரு மாதத்துக்குள் சந்தா கட்டிவிடுவார் என்பதை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன்.

ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பின் படத்தைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள ஜாகெக்ஸ் நிறுவனம் 2001இல் தொடங்கிய விளையாட்டு காலப்போக்கில் மாறிப்போக, பழையதே வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் கேட்டார்கள். வாக்கெடுப்பு நடத்தி, 2007 ஆகஸ்டு மாதத்துப் பிரதி ஒன்றிலிருந்து 2013இல் அதை மீண்டும் திறந்தார்கள். அதன்பிறகும் பெரிய சேர்க்கைகள் ஆட்டக்காரர்களின் வாக்கெடுப்பில் வென்றால்தான் உள்ளே வருகின்றன. 70 விழுக்காடு ஆதரவு வேண்டும்.

இங்கே சமையல், மரம் வெட்டுதல், மீன்பிடித்தல், கொல்லர் வேலை என ஒவ்வொரு திறனுக்கும் 99 வரை லெவல் உண்டு. 99ஐ எட்ட 1 கோடியே 30 லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட அனுபவப் புள்ளிகள் வேண்டும். அதில் பாதியைத் தொடும்போது நீங்கள் நிற்கும் இடம் லெவல் 92! இந்த ஏற்றத்தைக் கேட்டுச் சிரிப்பவர்கள் இதை விரும்புவார்கள். எரிச்சல் அடைகிறவர்கள் விலகிவிடுவது நல்லது. ஆனால் மரம் வெட்டும்போது அரை நிமிடத்துக்கு ஒருமுறை திரையைத் தொட்டால் போதும் என்பதால், வேறு வேலை பார்த்தபடியும் பேருந்தில் போகும்போதும் ஆடலாம். 2018 முதல் ஒரே கணக்கைக் கணினியிலும் கைப்பேசியிலும் மாற்றி மாற்றித் தொடரலாம். இலவசப் பகுதியே பெரியது. லம்பிரிட்ஜ் என்ற தொடக்க ஊரில் சமையல்காரருக்கு முட்டை, பால், மாவு கொண்டுவந்து தரும் முதல் குவெஸ்டிலேயே இந்த விளையாட்டின் நகைச்சுவை பிடிபட்டுவிடும். உங்கள் பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்று அங்கே யாராவது சொன்னால், சந்தையில் சீட்டு விளையாட்டுக் காட்டுபவரிடமிருந்து விலகுவதுபோல் விலகுங்கள். ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கொல்லக்கூடிய வில்டர்னஸ் பகுதிக்குள் உங்களை ஆசைகாட்டி அழைப்பவரும் அதே வகையினர்தான்.

ஈவ் ஆன்லைனை எச்சரிக்கையோடுதான் சேர்க்கிறேன். ஐஸ்லாந்தின் சி.சி.பி நிறுவனம் 2003 மே மாதத்தில் தொடங்கிய விண்வெளி விளையாட்டு இது. சீனா நீங்கலாக உலகத்தார் அனைவரும் ஒரே சர்வரில் ஆடுகிறார்கள். திறன்கள் கடிகார நேரத்தில் வளர்வதால், நீங்கள் உறங்கும்போதும் கப்பலோட்டக் கற்றுக்கொண்டிருப்பீர்கள். ஆனால் வெடித்த கப்பல் திரும்ப வராது. ஏமாற்றுவதும் காட்டிக்கொடுப்பதும் பெரும்பாலும் விதிக்கு உட்பட்டவையே. 2014 ஜனவரியில் ஒரு கூட்டணி தன் பகுதிக்குச் செலுத்த வேண்டிய தொகை செலுத்தப்படாமல் போக, அந்த இடத்தைப் பிடிக்க மூண்ட போர் சுமார் 21 மணி நேரம் நீடித்து, டைட்டன் என்ற மாபெரும் கப்பல்கள் 75ஐ அழித்தது. கணக்கு வழக்கு, அரசியல், நம்பிக்கைத் துரோகம் ஆகியவற்றில் சுவை காண்பவர் இலவச ஆல்ஃபா கணக்கில் தொடங்கிப் பார்க்கலாம். இழந்தால் வருந்தும் கப்பலை ஓட்டாதே என்பதே அங்கே புதியவருக்குச் சொல்லும் முதல் பாடம்.

நான்காம் படி: பணம் கட்டும் முன்

வார்கிராஃப்டுக்கு அமெரிக்க விலையில் மாதம் 14.99 டாலர், ஈவின் முழுச்சந்தா 2022 முதல் 19.99 டாலர். வார்கிராஃப்டின் பழைய விரிவாக்கங்கள் சந்தாவிலேயே அடங்கும். அண்மைய விரிவாக்கத்துக்குத் தனி விலை. லெவல் 20 வரை இலவசம் என்பதால், அதற்குள் பிடித்ததா என்று பார்த்துவிட்டுக் கட்டலாம். எதிலும் முதலில் ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள். கட்டிய அன்றே தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிடுங்கள்.

எங்கே வாங்குகிறோம் என்பதும் முக்கியம். ஃபைனல் ஃபேன்டஸி 14ஐ ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கிவிட்டால், பின்வரும் கணினி விரிவாக்கங்களையும் ஸ்டீமிலேயே வாங்க வேண்டியிருக்கும்; நிறுவனத்தின் சொந்தக் கடையில் சலுகை வந்தாலும் பயன்படாது. கில்டு வார்ஸ் 2இல் ஸ்டீம் வழித் தொடங்கிய கணக்கும் நேரடிக் கணக்கும் தனித்தனி. வார்கிராஃப்டில் அமெரிக்கா, ஐரோப்பா எனப் பகுதிவாரியாகக் கேரக்டர்கள் பிரிந்திருப்பதால், நண்பர்கள் எந்தப் பகுதியில் இருக்கிறார்கள் என்று கேட்காமல் சர்வரைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

புதிதாக வெளிவந்து எல்லோரும் பேசும் விளையாட்டில் குதிக்கலாமா என்று கேட்பீர்கள். 2021 செப்டம்பரில் வந்த நியூ வேர்ல்ட், தொடக்க வாரங்களில் ஸ்டீமில் மட்டும் ஒரே நேரத்தில் 9 லட்சம் பேரைக் கண்டது. 2025இல் இனிப் புதிய உள்ளடக்கம் வராது என்று அறிவித்துவிட்டார்கள். 2014இல் வந்த வைல்டுஸ்டார் 2018இல் மூடப்பட்டது. முதல் எம்.எம்.ஓவாகப் பத்தாண்டு தாண்டிய ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இதனால்தான்.

ஐந்தாம் படி: இரண்டை மட்டும் எடுத்து, இரு வாரம் ஆடுங்கள்

தாளில் எழுதியதற்குப் பொருந்தும் இரண்டு விளையாட்டுகளின் இலவச வடிவங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் ஒரு வாரம் உங்கள் வழக்கமான நேரத்தில் மட்டும் ஆடுங்கள். விடுமுறை எடுத்துக்கொண்டு நாள் முழுவதும் ஆடினால் எதுவும் இனிக்கும். அந்தச் சோதனை செல்லாது. கடவுச்சொல்லோடு ஒருமுறைக் குறியீட்டையும் கேட்கும் இருநிலைப் பாதுகாப்பை முதல் நாளே இயக்கிவிடுங்கள். ஃபைனல் ஃபேன்டஸி 14இல் அதற்குப் பரிசாக ஓர் ஊருக்கு இலவசப் பயணமும் உண்டு. விளையாட்டுக்குள் செல்லும் தங்கத்தை வெளியார் விற்றால் வாங்காதீர்கள். பணமும் போகும், கணக்கும் போகும்.

வாள்வீரர், மந்திரவாதி போன்ற வகுப்புகளில் எதைத் தேர்வது என்று மூன்று நாள் ஆராய வேண்டாம். தொலைவிலிருந்து அடிக்கும் எளிய வகுப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, சாட் பெட்டியில் புதியவன், புதியவள் என்று ஒரு வரி எழுதிவிட்டு டஞ்சனுக்குள் நுழையுங்கள். பெரும்பாலான குழுக்கள் பொறுத்துக்கொள்ளும். லெவல் ஏறிய வேகத்தையோ கிடைத்த வாளையோ பார்க்காமல், வேலை நேரத்தில் எந்த விளையாட்டின் நினைவு வந்தது என்று வாரக் கடைசியில் குறித்து வையுங்கள். அதற்குப் பிறகே கில்டு தேடுங்கள். சேரும் முன் அவர்கள் கூடும் கிழமையையும் மணியையும் கேட்டு, நம் நேரத்துக்கு மாற்றி, முதல் நாள் எழுதிய அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொருந்தாவிட்டால் அடுத்த கில்டைத் தேடுங்கள்.